சவேரியார் விடைபெற்ற பின்

குற்றால மலையில் பிறக்கும் சிற்றாறு தென்காசி வழியாக ஓடி, வயல்களை வாழவைத்து, சீவலப்பேரி அருகே தாமிரபரணியோடு சேருகிறது. தாமிரபரணியோ புன்னைக்காயல் அருகே கடலில் கலக்கிறது. நம் ஊர் அருவித் தண்ணீர் போய்ச் சேரும் அந்தக் கடற்கரையிலேதான் தென்பாண்டி நாட்டுத் திருச்சபை வேர் பிடித்தது. நம் பங்கு ஜூபிலி காணும் இவ்வேளையில், அந்தக் கரைக்கு வந்து, சில ஆண்டுகள் உழைத்து, விடைபெற்றுச் சென்ற ஒருவரை நினைப்பது பொருத்தமாகும். அவர் வந்த கதையை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். அவர் போன பிறகு நடந்ததை அவ்வளவாகக் கேட்டதில்லை.

1506-ல் நவார் நாட்டில் பிறந்த பிரான்சிஸ் சவேரியார், இந்தியாவுக்கு என்று முதலில் குறிக்கப்பட்டவர் அல்லர். குறிக்கப்பட்ட தோழர் நோயுற்றதால், 1540 மார்ச்சில் புனித இஞ்ஞாசியார் சவேரியாரைக் கேட்டார். அவர் உடனே சம்மதித்து, மறுநாளே உரோமையை விட்டுப் புறப்பட்டார். 1541 ஏப்ரல் 7-ல், தம் முப்பத்தைந்தாம் பிறந்தநாளன்று, லிஸ்பனில் கப்பலேறி, 1542 மே 6-ல் கோவா சேர்ந்தார். அவ்வாண்டு அக்டோபரில் முத்துக்குளித்துறைக்கு வந்தார்.

அந்நாளில் தென்காசியைத் தலைநகராகக் கொண்டு பிற்காலப் பாண்டியர் ஆண்டுவந்தனர். ஒருபுறம் வேணாட்டு அரசர், மறுபுறம் விஜயநகரப் படைகள். இந்த இழுபறியின் நடுவே கரையோர மக்கள் துன்புற்றனர். 1536-37 ஆண்டுகளிலேயே பரதவ மக்கள் ஆயிரக்கணக்கில் திருமுழுக்குப் பெற்றிருந்தும், அவர்களுக்குப் போதிப்பார் இல்லை. சவேரியார் கண்டது பெயரளவில் கிறிஸ்தவர்களாயிருந்த ஊர்களைத்தான்.

அவருக்குத் தமிழ் முழுமையாக வரவில்லை என்பதை அவருடைய கடிதங்களே காட்டுகின்றன. மொழிபெயர்ப்பாளர் இல்லாத நாட்களில் தாம் படும் பாட்டை அவரே எழுதியிருக்கிறார். ஆயினும் தமிழும் போர்த்துக்கீசும் அறிந்தவர்களின் துணையோடு செபங்களைத் தமிழாக்கி, மனப்பாடம் செய்து, கையில் மணியுடன் தெருத்தெருவாகச் சென்று சிறுவர்களைக் கூட்டினார். கற்றுக்கொண்ட சிறுவர்கள் வீட்டாருக்கும் அயலாருக்கும் கற்பித்தார்கள். நோயாளிகளின் வீடுகளுக்கும் அவர்களையே அனுப்பினார்.

1544 ஜூனில் வடுகர் படை கரையைச் சூறையாடியபோது, கன்னியாகுமரிப் பக்கத்து மக்கள் கடற்பாறைகளில் ஏறி, உணவும் நீருமின்றித் தவித்தனர். சவேரியார் மணப்பாட்டிலிருந்து இருபது தோணிகளில் உணவு ஏற்றிப் புறப்பட்டார். எதிர்க்காற்று விடவில்லை. பின்பு கால்நடையாகவே சென்று அவர்களைத் தேற்றினார். இத்தகையவரை மக்கள் தந்தையாகவே எண்ணினர் என்றால் வியப்பில்லை.

ஆனால் அவர் நிலையாகத் தங்கவில்லை. 1545-ல் இக்கரையை விட்டு மயிலாப்பூர் சென்று, அங்கே சில மாதம் செபித்து, மலாக்காவுக்குக் கப்பலேறினார். இடையில் வந்து பார்த்தார் எனினும், 1549 ஏப்ரலில் ஜப்பானை நோக்கிச் சென்றவர், 1552 டிசம்பர் 3-ல் சீனக் கரையோரத்துச் சான்சியான் தீவில் உயிர் நீத்தார். பிறந்த மண்ணையும் அவர் மீண்டும் பார்க்கவில்லை.

மூன்றாண்டுக்கும் குறைவான பணி. தேவை பெருகியிருந்த காலத்தில் விட்டுச் சென்ற பணி. அப்படியானால் அது நிலைத்தது எப்படி?

முதலாவதாக, அவர் ஒவ்வோர் ஊரிலும் செபங்களின் எழுத்துப் பிரதியை வைத்துச் சென்றார். அதைச் சொல்லிக்கொடுக்க அவ்வூர்க்காரரையே கணக்கப்பிள்ளைகளாகவும் உபதேசியார்களாகவும் ஏற்படுத்தினார். அவர்களுடைய சம்பளத்துக்காக, போர்த்துக்கல் அரசியின் காலணிச் செலவுக்கு என ஒதுக்கப்பட்டிருந்த ஆண்டுத் தொகையாகிய 4,000 பணத்தைக் கேட்டு வாங்கினார். தாம் இல்லாத நாளுக்கும் அவர் ஏற்பாடு செய்திருந்தார் என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

இரண்டாவதாக, 1548-ல் மணப்பாட்டில் தம் சபையினரைக் கூட்டி, மக்களிடம் அன்பாயிருக்குமாறு அறிவுரை எழுதிக் கொடுத்தார்.

மூன்றாவதாக, தமக்கு வராததைச் செய்யக்கூடியவர் ஒருவரிடம் பணி சென்று சேர்ந்தது. அவரே ஹென்றீக்கு ஹென்றீக்கஸ் அடிகள். அவர் தமிழை இலக்கணத்தோடு கற்று, ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் இக்கரையில் வாழ்ந்து, 1600-ல் மறைந்தார். அவர் தமிழாக்கிய 'தம்பிரான் வணக்கம்' 1578 அக்டோபர் 20-ல் கொல்லத்தில் அச்சாயிற்று. இந்திய மொழி எழுத்தில் இந்நாட்டில் அச்சான முதல் நூல் அதுவே. நம் செங்கோட்டை, ஆரியங்காவு கணவாயைத் தாண்டினால் வரும் கொல்லந்தான் அது.

இடர்களும் இல்லாமற் போகவில்லை. சவேரியார் ஜப்பானுக்குப் புறப்பட்ட அதே 1549-ல், வேதாளையில் வடுகர் தாக்கியபோது, மக்கள் படகேறித் தப்பும்வரை உடன் நின்ற அந்தோணி கிரிமினாலி அடிகள் கொல்லப்பட்டார். தலைவர் போன பின்பும், மேய்ப்பர் இல்லை என்று மந்தை சிதறிவிடவில்லை.

இதைவிடக் கடுமையான சோதனை பின்னர் வந்தது. 1759-ல் போர்த்துக்கல் அரசு தன் ஆட்சிப்பகுதிகளிலிருந்து சேசு சபையினரை வெளியேற்றிற்று. 1773-ல் பாப்பரசர் பதினான்காம் கிளமெண்ட் அச்சபையையே கலைத்தார். மதுரை மிஷனில் எஞ்சியிருந்த குருக்கள் முதுமையடைந்து ஒவ்வொருவராக மறைந்தனர். புதியவர்களை அனுப்ப ஐரோப்பாவில் சபையே இல்லை. திருப்பலி காண மாதக்கணக்கில் காத்திருந்த ஊர்கள் உண்டு. அந்த ஆண்டுகளில் குழந்தைக்குச் சிலுவை அடையாளம் கற்பித்த தாயும், செபமாலை சொல்லிக்கொடுத்த உபதேசியாருமே இங்கே திருச்சபையாக நின்றனர். 1838-ல் பெர்த்ராண்டு அடிகளும் தோழர்களும் பிரான்சிலிருந்து மதுரை மிஷனுக்கு வந்து சேர்ந்தபோது, வெறும் நிலத்தில் விதைக்க வேண்டியிருக்கவில்லை. காத்திருந்த மக்கள் அவர்களை வரவேற்றார்கள்.

வெளிநாட்டார் வந்து நடத்திய பணிக்கு நல்ல முடிவு எது? பணி நின்றுபோவதா, கைமாறுவதா? 1923-ல் தூத்துக்குடி மறைமாவட்டம் உருவாகி, நம் மண்ணைச் சேர்ந்த மேதகு திபூர்சியுஸ் ரோச் ஆண்டகை அதன் முதல் ஆயரானார். இக்கால இந்தியாவில் இலத்தீன் வழிபாட்டு முறையின் முதல் இந்திய ஆயர் அவரே. 1973-ல் பாளையங்கோட்டை மறைமாவட்டம் பிறந்தது. அதன் பேராலயம் சவேரியாரின் பெயரையே தாங்கி நிற்கிறது. விருந்தினராக வந்தவர்கள் விட்டுச் சென்ற வீட்டை, வீட்டார் பொறுப்பேற்றுக் கொண்டார்கள்.

அன்பார்ந்த பங்கு மக்களே, இன்று காலம் திரும்பியிருக்கிறது. தமிழகத்துக் குருக்களும் கன்னியரும் ஐரோப்பாவிலும் ஆப்பிரிக்காவிலும் பணியாற்றுகின்றனர். நம் பிள்ளைகளும் படிப்பு முடித்துச் சில மாதங்களோ ஓராண்டோ தொலைவில் சென்று தொண்டு செய்கின்றனர். திரும்பி வரும்போது, "இன்னும் எவ்வளவோ வேலை கிடக்கிறதே, பாதியில் விட்டு வந்தோமே" என்று மனம் கனப்பது இயல்பு. சவேரியாரின் வரலாறு அவர்களுக்கு ஆறுதலும் தரும், கேள்வியும் கேட்கும். பாதியில் விடைபெறுவது குற்றமன்று. அவரும் பாதியில்தான் விடைபெற்றார். ஆனால் போகுமுன் யாருக்குக் கற்றுக்கொடுத்தோம், எதை எழுதி வைத்தோம், அடுத்தவர் சோற்றுக்கு என்ன வழி செய்தோம் என்பதைப் பார்க்க வேண்டும்.

நமக்கும் அதே கேள்வி உண்டு. நம் பங்கில் ஒரு பங்குத்தந்தை மாறிச் சென்றால் அவர் தொடங்கிய பாடகர் குழுவும் மறைக்கல்வி வகுப்பும் எத்தனை நாள் நிற்கின்றன? அவற்றை நிறுத்தி வைப்பவர்கள் நாம். சவேரியார் சென்ற பின் செபப் பிரதியைக் கையில் ஏந்திய அந்தப் பெயர் தெரியாத கணக்கப்பிள்ளைகள் நமக்கு முன்னோர். இந்த ஜூபிலி ஆண்டில் நம் ஒவ்வொரு குடும்பமும் ஒரு பிள்ளைக்காவது செபத்தைப் பொருளுணர்ந்து சொல்லக் கற்பித்தால், அதுவே அவர்களுக்கு நாம் செலுத்தும் நன்றிக்கடன்.