தாத்தாவின் மலைவாழையும் நான் நடத்தாமல் விட்ட பாடமும்



போன வாரம் பழைய மாணவன் ஒருவன் போன் செய்தான். பெருமாள்மலைக்குக் கீழே அவன் அப்பா விட்டுப்போன இரண்டரை ஏக்கர் தோட்டத்துக்கு நல்ல விலை வந்திருக்கிறதாம். கேட்பவர் தங்கும் விடுதி கட்டப் போகிறார். "சார், விவசாயத்துல என்ன சார் இருக்கு? நீங்களே சொல்லுங்க" என்றான். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. "இந்தியப் பொருளாதாரத்தின் முதுகெலும்பு ________" என்று கோடிட்ட இடத்தை நிரப்ப அவனுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான்தான். ஒரு மதிப்பெண். அவன் சரியாகவே எழுதினான். ஆனால் நம் மலையில் அந்த முதுகெலும்பு எது, அது எப்போது ஒடிந்தது என்று நான் நடத்தவில்லை. புத்தகத்தில் இல்லை, நானும் சேர்க்கவில்லை. இன்று எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கொடைக்கானல் வரலாறு என்றாலே 1845-ல் அமெரிக்க மிஷனரிகள் வந்தார்கள், 1863-ல் கலெக்டர் லெவிஞ்ச் ஏரி கட்டினார் என்றுதான் ஆரம்பிப்பார்கள். அதெல்லாம் ஊர் மேலே நடந்தது. மலையில் மனிதர்கள் அதற்கு வெகுகாலம் முன்பே இருந்தார்கள். தாண்டிக்குடிப் பக்கம் உள்ள கற்திட்டைகளைப் பார்த்திருப்பீர்கள். செண்பகனூர்ப் பாதிரியார் ஆங்லேட் அவற்றைப் பற்றி எழுதிய நூல் 1928-ல் வந்தது. பூம்பாறை, மன்னவனூர்ப் படிக்கட்டு வயல்களைத் திருத்திய குன்னுவர்கள் சில நூற்றாண்டுகளுக்கு முன் கோவைச் சீமையிலிருந்து ஏறி வந்தவர்கள் என்று பழைய மதுரை மாவட்டக் கெசட்டியர் சொல்கிறது. அங்கே விளையும் பூண்டு இன்றும் வடுகபட்டிச் சந்தைக்குப் போகிறது. 2018-ல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

மேல்மலைக்குப் பூண்டு என்றால் நம் கீழ்மலைக்கு வாழை. பண்ணைக்காடு, தாண்டிக்குடி, கே.சி.பட்டி, பாச்சலூர், ஆடலூர், பன்றிமலை என்று எங்கும் மலைவாழைதான். விருப்பாட்சி ஒரு ரகம், சிறுமலை இன்னொன்று. கீழ்நாட்டு வாழையைப் போல இதற்கு வாய்க்கால் தண்ணீர் வேண்டாம், மழையே போதும். மர நிழலில், காப்பிச் செடிக்கு நடுவே நிற்கும். ஒரு முறை நட்டால் பக்கக் கன்று மாறி மாறி வந்து பல வருடம் தார் தரும். பழத்தில் நீர்ச்சத்து குறைவு, அதனால் சீக்கிரம் அழுகாது. பழநி பஞ்சாமிர்தத்துக்கு இந்தப் பழத்தைத் தேடியதற்குக் காரணமே இதுதான். சர்க்கரை, நெய், தேன், ஏலக்காய் எங்கிருந்து வேண்டுமானாலும் வரலாம், பழம் நம் மலையிலிருந்து வர வேண்டும். முருகன் கோயில் எங்களுக்குச் சாமி மட்டுமல்ல, நிரந்தர வாடிக்கையாளரும்கூட. (கோபிக்க வேண்டாம், உண்மையைத்தான் சொல்கிறேன்.)

பாதைக்கும் இதில் பங்குண்டு. முதல் உலகப்போர்க் காலத்தில் வத்தலக்குண்டிலிருந்து காட் ரோடு திறந்த பிறகு மதுரைச் சந்தை பக்கத்தில் வந்துவிட்டது. பழநிப் பாதையும் பெருமாள்மலையில் வந்து சேர்ந்தபின் நம் ஊர் இரண்டு சந்தைக்கும் நடுவாயிற்று. தோட்டத்திலிருந்து ரோடு வரை தார்களைக் குதிரையும் தலையும் சுமந்தன.

இதில் பொருளாதாரம் எங்கே என்று கேட்பீர்கள். என் தாத்தா தோட்டம் பண்ணைக்காட்டுக்குக் கீழே. அங்கே பதினைந்து நாளுக்கு ஒரு வெட்டு. வாழைக்குப் பருவமில்லை, வருடம் முழுக்கத் தார் தள்ளும். ஆகவே மாதம் இரண்டு முறை கையில் காசு வரும். காப்பி அப்படியல்ல, மார்கழி, தை, மாசியில் பறித்தால் வருடத்துக்கு ஒரே பணம். தாத்தா வீட்டில் காப்பிப் பணத்தில் கல்யாணமும் ஓடு மாற்றுவதும் நடந்தன. அரிசி, மருந்து, பள்ளிக்கூட நோட்டு எல்லாம் வாழைப் பணம். வாழை வீட்டின் சம்பளம், காப்பி போனஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். போனஸ் தவறினால் குடும்பம் தாங்கும். சம்பளம் நின்றால்?

நின்றது. 1970-களில், நான் உயர்நிலைப் பள்ளியில் படித்தபோது, புது இலைகள் விரியாமல் குறுகி உச்சியில் கொத்தாக நிற்க ஆரம்பித்தன. முடிக்கொத்து நோய். இது வைரஸ், அசுவினிப் பூச்சி பரப்புகிறது, வந்த மரத்துக்கு மருந்து கிடையாது. 1889-லேயே பிஜித் தீவில் பார்த்த நோய். 1913-ல் இலங்கைக்கும், 1940 வாக்கில் அங்கிருந்து கேரளத்துக்கும் வந்து, பிறகு நம் மலை ஏறியது. கீழ்மலையில் சுமார் 18,000 ஹெக்டேரில் இருந்த மலைவாழை சுமார் 2,000 ஹெக்டேருக்குச் சுருங்கியது.

பூச்சியைவிட வேகமாகப் பரப்பியவர்கள் நாம்தான் என்பதுதான் எனக்கு இன்றும் உறுத்துகிறது. கன்றை யாரும் விலைக்கு வாங்க மாட்டார்கள். மாமன் தோட்டத்திலிருந்து மருமகன் தோட்டத்துக்கு, சம்பந்தி வீட்டிலிருந்து நம் வீட்டுக்கு என்று கன்று போகும். கேட்டால் இல்லையென்று சொல்வது மரியாதையில்லை. பார்வைக்கு நன்றாக இருந்த கன்றுக்குள் நோய் இருந்தது. எங்கள் தோட்டத்துக்கு அப்படித்தான் வந்தது. கொடுத்தவரும் சொந்தக்காரர்தான், அவர் மீது குற்றமில்லை.

இதே நோய் 1920-களில் ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரை வாழையை அநேகமாக அழித்தது. அங்கே மகீ என்ற இளம் விஞ்ஞானி அசுவினிதான் பரப்புகிறது என்று கண்டுபிடித்தார். உடனே அரசாங்கம் சட்டம் போட்டது. தோட்டம் தோட்டமாகச் சோதனை, நோய் கண்ட மரத்தை உடனே அழிக்க வேண்டும், அனுமதியில்லாமல் கன்று கொடுக்கக் கூடாது. சில வருடங்களில் தொழில் மீண்டது. அவர்களிடம் மருந்து ஒன்றும் இருக்கவில்லை, பக்கத்துத் தோட்டக்காரரும் சேர்ந்து பிடுங்கினார்கள், அவ்வளவுதான். என் தாத்தா தன் தோட்டத்தில் பிடுங்கினார், மேல்தோட்டத்துக்காரர் இன்னும் இரண்டு வெட்டு பார்த்துவிடலாம் என்று விட்டுவைத்தார். அடுத்த வருடம் இரண்டு தோட்டமும் போயிற்று.

அதன்பின் குடும்பங்கள் காப்பியை மட்டும் நம்பின. காப்பி விலை நம் கையில் இல்லை. 1989-ல் உலக நாடுகளின் காப்பி ஒப்பந்தம் முறிந்ததும் விலை சரிந்தது. 1994-ல் பிரேசிலில் பனி கொட்டியதும் ஏறியது. 2000-க்குப் பிறகு மீண்டும் படுத்தது. வருடத்துக்கு ஒரு பணம், அதுவும் நிச்சயமில்லை என்றால் வியாபாரியிடம் முன்பணம் வாங்கித்தான் அடுப்பெரிய வேண்டும். வகுப்பில் நோட்டு வாங்காமல் நின்ற பிள்ளைகளை நான் திட்டியிருக்கிறேன். எந்த மாதம் அவர்கள் வீட்டில் காசு இருக்கும் என்று யோசித்துப் பார்த்திருக்கலாம். திருப்பூருக்கும் கோவைக்கும் வேலைக்குப் போன முதல் தலைமுறை அவர்கள்தான். உங்களில் பலர் அந்த வரிசையில் வந்தவர்கள்.

நாட்டுக் கணக்கிலும் இதே போக்குதான். சுதந்திரம் வந்த புதிதில் தேச வருமானத்தில் பாதி விவசாயத்திலிருந்து வந்தது, இப்போது ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் உழைப்பவர்களில் நூற்றுக்கு நாற்பது பேருக்கு மேல் இன்னும் அதிலேயே இருக்கிறார்கள். பங்கு குறைவது வளர்ச்சி என்று புத்தகம் சொல்லும். ஆள் வெளியேறியது நல்ல வேலை கிடைத்தா, தார் தள்ளாமல் போயா என்பதை அது சொல்லாது.

2008-09-ல் விருப்பாட்சி வாழைக்கும் சிறுமலை வாழைக்கும் புவிசார் குறியீடு வந்தது, 2019-ல் பஞ்சாமிர்தத்துக்கும் வந்தது. பெயர் பெரிதாகிவிட்டது, தோட்டம்தான் சிறிதாகிவிட்டது.

தம்பி, நீ கேட்டதற்கு வருகிறேன். விற்காதே என்று சொல்ல எனக்கு உரிமையில்லை, உனக்கு மகள் படிப்புச் செலவு இருக்கிறது. ஆனால் அட்வான்ஸ் வாங்குமுன் தடியன்குடிசை தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்துக்கு ஒரு நடை போய் வா. நோயில்லாத திசு வளர்ப்புக் கன்று பற்றி அவர்கள் சொல்வார்கள். பக்கத்துத் தோட்டக்காரரையும் கூட்டிக்கொண்டு போ, அவர் வராவிட்டால் கன்று வாங்கிப் பயனில்லை. ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், வார நாளில் காலையில் போ. சொன்னால் நானும் பஸ் ஏறி வந்துவிடுவேன்.