கோட்டைச் சுவருக்கு எத்தனை கூடை சுண்ணாம்பு?

திருகோணமலைக் கோட்டையைப் பற்றிக் கேட்டால் நம் பிள்ளைகள் ஆண்டுகளைக் கடகடவென்று சொல்வார்கள். 1622இல் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்தார்கள். அந்தக் கற்களையும் கொண்டு 1624இல் கோட்டை கட்டினார்கள். 1639இல் ஒல்லாந்தர் பிடித்தார்கள், 1795இல் ஆங்கிலேயர். 1803இல் பிரெட்ரிக் கோட்டை என்று பெயர் வந்தது. எல்லாம் சரி. கல் வந்த இடம் தெரிகிறது. கல்லைப் பிடித்து வைத்திருக்கும் சாந்து எப்படி வந்தது என்று நாம் கேட்பதில்லை.

இன்று நாம் பாவிக்கும் போர்ட்லண்ட் சீமெந்துக்கு இங்கிலாந்தில் ஜோசப் அஸ்ப்டின் காப்புரிமை பெற்றது 1824இல். கோட்டை அதைவிட 200 வருடம் மூத்தது. அந்தக் காலத்துச் சாந்து சுண்ணாம்புச் சாந்துதான். நம் கரையோரங்களில் முருகைக்கல்லையும் சிப்பியையும் சூளையில் சுட்டுச் சுண்ணாம்பு எடுத்தார்கள். மகாவலி வந்து கடலில் சேரும் கொட்டியாரக் குடா பக்கத்திலேயே இருப்பதால் மணலுக்கும் பஞ்சமில்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 10 அடி நீளம், 10 அடி உயரம், 2 அடி தடிப்பில் ஒரு கருங்கல் சுவர். மொத்தம் 200 கன அடி. இப்படிக் கட்டில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு சாந்து, அதாவது 66 கன அடி. ஒன்றுக்கு மூன்று கலவை என்றால் பிள்ளைகள் 66ஐ நான்கால் பிரிப்பார்கள். மேசன்மார் அப்படிச் செய்யமாட்டார்கள். மணலின் இடைவெளிகளுக்குள் சுண்ணாம்பு போய்விடும். ஆகவே மணலே 66 கன அடி வேண்டும், குழைத்த சுண்ணாம்பு 22 கன அடி. சீமெந்துச் சாந்துக்கும் இதே விசயம்தான். இது தெரியாமல்தான் பாதி வேலையில் மணல் முடிகிறது.

இனிச் சூளைக்கு வருவோம். 100 கிலோ சுத்தமான சுண்ணக்கல்லைச் சுட்டால் மிஞ்சுவது 56 கிலோ. மற்ற 44 கிலோவும் காபனீரொட்சைட்டாகக் காற்றில் போய்விடும். ஒரு சிறு சுவருக்கே இவ்வளவு என்றால், முழுக் கோட்டைக்கும் எவ்வளவு முருகைக்கல், எவ்வளவு விறகு, எத்தனை பேரின் முதுகு? தளபதியின் பெயர் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. கூடை சுமந்தவர்களின் பெயர் இல்லை. இந்தக் கணக்கு ஒன்றுதான் அவர்களை நமக்குக் காட்டுகிறது.

சுவரில் பூசிய சுண்ணாம்பு, காற்றில் போன அதே வாயுவை மெல்ல மெல்லத் திரும்ப எடுத்துக் கல்லாகிறது. ஆனாலும் சீமெந்தைவிட மென்மையானது, ஈரத்தை வெளியே விடும். நம் ஊர்களில் பழைய பள்ளிவாசல், கோயில், வீட்டுச் சுவர்களில் வெடிப்பு வந்தால் சீமெந்தை அப்பிவிடுகிறோம். ஈரம் உள்ளே அடைபடுகிறது. கடற்காற்றின் உப்பு அதோடு சேர்ந்து, பக்கத்துக் கல்லையும் பூச்சையும் உதிர்க்கிறது. இரண்டு மூன்று மாரியில் வெடிப்பு முன்னையதைவிடப் பெரிதாகிவிடும்.

முருகைக்கல் இனி வேண்டாம். கரையோர வலயத்தில் அதை அகழ்வது 1988ஆம் ஆண்டின் திருத்தச் சட்டத்தால் தடை. அதுவும் நல்லதே, பாறைகள் அலையைத் தடுக்கின்றன. உள்நாட்டுச் சுண்ணக்கல்லில் சுட்ட சுண்ணாம்பு போதும். பழைய சுவரில் கை வைக்குமுன் அதன் சாந்து என்னவென்று ஒரு தரம் சுரண்டிப் பாருங்கள். பிறகு மேசனைக் கூப்பிடுங்கள்.