முற்றத்து வெளிச்சம்

கொழும்புக்கும் கண்டிக்கும் மாநகர சபைகளைத் தந்தது 1865ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம். அவற்றுள் கண்டிச் சபையின் காரியாலயம், துனுவில வளவு என்னும் பழைய பிரபு இல்லத்தில் அமைந்தது. பொதுக் கட்டடங்களின் மின்செலவைக் குறைப்பது எவ்வாறு என்று இன்று ஆலோசிப்போர், புதிய இயந்திரங்களின் விலைப்பட்டியலைப் புரட்டுவதற்கு முன், மின்சாரம் அறியாத காலத்து வளவுகள் எவ்வாறு குளிர்ந்தும் ஒளிர்ந்தும் நின்றன என்பதை ஆராய்வது அவசியம்.

மலைநாட்டுத் தச்சரின் சாமர்த்தியம் கூரையிலேயே பிரத்தியட்சமாகிறது. முகட்டிலிருந்து செங்குத்தாக இறங்கும் ஓட்டுக்கூரை, பாதி வழியில் மடிந்து, சரிவு தணிந்து, சுவரைக் கடந்து நீண்டு திண்ணைக்குக் குடை பிடிக்கிறது. உஷ்ணக் காற்று மேற்கூரையின் உயரத்திலே ஒதுங்கிவிட, தாழ்ந்த இறவாரம் மழைச் சாரலையும் வெயிலையும் சுவரில் அண்டவிடாமல் காக்கிறது. அத்தனை தாழ்ந்த இறவாரத்தால் உள்ளே இருள் சூழுமே எனில், அதற்குப் பரிகாரம் சிங்களத்தில் மெதமிதுல என்று வழங்கும் நடுமுற்றம். யாழ்ப்பாணத்து நாற்சார் வீட்டில் வளர்ந்தவர்களுக்கு அதன் பெருமையை விளக்க வேண்டியதில்லை: வானத்து வெளிச்சம் முற்றத்தில் இறங்கி, நாற்புறத் தாழ்வாரங்களிலும் பரவி, அறைவாசல் வரை வந்து சேரும்.

அரச காரியமும் அக்காலத்தில் காற்றோட்டத்திலேயே நடந்தது. நாயக்க வம்சத்து இராஜாதி ராஜசிங்கன் காலத்தில், 1783இல், கட்டத் தொடங்கிய மகுல் மடுவ என்னும் சபா மண்டபம், சித்திரத் தூண்களின் மேல் கூரையைத் தாங்கி நாற்புறமும் திறந்து நிற்கிறது. 1815 மார்ச் 2ஆம் திகதி கண்டி இராச்சியம் பிரித்தானியரிடம் ஒப்படைக்கப்பட்ட உடன்படிக்கையும் அந்த மண்டபத்திலேதான் நிறைவேறிற்று.

மின்விளக்கும் மின்விசிறியும் வந்தபின், இந்த ஞானம் அநாவசியம் என்று கருதப்பட்டது. பகல் பன்னிரண்டு மணிக்குக் காரியாலயம் ஒன்றினுள் நுழைந்து பாருங்கள்: யன்னலை மறைத்துக் கோப்பு அலுமாரி நிற்கும், அதன் பின்னே சூரியன் பிரகாசிக்க, முன்னே எழுதுவினைஞரின் மேசைக்கு மேல் குழல்விளக்கு எரிந்துகொண்டிருக்கும். அந்த விளக்குக்கும் கண்டியைத் தழுவி ஓடும் மகாவலிக்கும் சம்பந்தம் உண்டு. 1976 முதல் பொல்கொல்லையில் திருப்பப்படும் அதன் நீர் சுரங்கவழியே உக்குவளை மின்நிலையத்திற்குச் செல்கிறது. 1985இல் திறக்கப்பட்ட விக்டோரியா அணையின் மின்நிலையமோ 210 மெகாவாட் திறனுடையது. மழை பொய்த்தால் விளக்கும் பொய்க்கும். 1996இல் வரட்சியால் மின்தட்டுப்பாடு நேர்ந்தபோது, பகல் வெளிச்சத்தைக் கூடுதலாகப் பயன்படுத்த மே மாதத்தில் நாட்டின் கடிகாரங்கள் அனைத்தும் ஒரு மணி நேரம் முன்னே தள்ளப்பட்டன. பழைய நேரம் முழுமையாகத் திரும்பியது 2006 ஏப்ரலிலேதான். கடிகாரத்தை அசைக்கத் துணிந்த தேசம், யன்னலை மறைத்த அலுமாரியை அசைக்க மறந்தது.

மறக்காதவர்களும் இருந்தனர். கண்டியிற் பிறந்த கட்டடக் கலைஞர் மினெட் டி சில்வா, 1958இல் அரசாங்க ஊழியருக்காக வட்டப்புளுவையில் வீடமைப்புத் திட்டத்தை வகுத்தபோது, குடியேறப் போவோரின் தேவைகளை முன்னதாகவே கேட்டறிந்து, நவீன சாதனங்களோடு உள்நாட்டுச் சம்பிரதாயத்தையும் இணைத்தார். சட்டமும் காலந்தாழ்த்தியேனும் விழித்தது. 2007ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தால் நிலைபேறான வலுசக்தி அதிகாரசபை ஸ்தாபிக்கப்பட்டது. ஆயினும் 2022இல் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு நேர்ந்தது.

ஆதலால் மாநகர சபைகளுக்கும் பிரதேச சபைகளுக்கும் ஒரு விண்ணப்பம். சிக்கனமான விளக்குகளை வாங்குங்கள்; கூரையில் சூரியத் தகடுகளையும் பதியுங்கள். அதற்கு முன்பாக, அடைத்த முற்றத்தைத் திறவுங்கள். அலுமாரியை நகர்த்தி யன்னலைத் திறவுங்கள். அதற்குக் கேள்விப்பத்திரம் கோர வேண்டியதில்லை.