வேட்டைக்களம் முதல் காட்சிக்களம் வரை: சித்வான் தேசியப் பூங்காவின் வரலாற்று உருவாக்கம்

முன்னுரை

நேபாளத்தின் தெற்கெல்லையை ஒட்டிய தாழ்நிலம் தராய் எனப்படும். அதன் உட்பள்ளத்தாக்கு ஒன்றில், ராப்தி, நாராயணி, ரியூ ஆகிய ஆறுகளை அடுத்து, 952 சதுர கிலோமீட்டர் பரப்பில் சித்வான் தேசியப் பூங்கா அமைந்துள்ளது. ஒற்றைக்கொம்புக் காண்டாமிருகத்தையும் புலியையும் ஆளுயரத்தை விஞ்சிய புல்வெளியையும் சால மரக்காட்டையும் காண வருவோர், மனிதக் கைபடாத தொல்கானகத்தினுள் நுழைவதாகவே எண்ணுகின்றனர். அவ்வெண்ணம் வரலாற்றோடு பொருந்துமா என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

வேட்டைக்காடு

19ஆம் நூற்றாண்டில் சித்வான் காடு பேரளவில் திருத்தப்படாமல் விடப்பட்டது. மலேரியா நிறைந்த அக்காடு, ஆங்கிலேயரின் படையெடுப்புக்கு எதிரான இயற்கை அரணாக ஆட்சியாளருக்குப் பயன்பட்டது. எனினும் அது ஆளில்லாத காடு அன்று. அந்நோய்க்கு ஓரளவு எதிர்ப்பாற்றல் பெற்றிருந்த தாரு மக்கள் உழவு, மேய்ச்சல், மீன்பிடி ஆகியவற்றால் அங்கு வாழ்ந்து வந்தனர்.

1846 முதல் 1951 வரை அதிகாரம் செலுத்திய ராணாக்கள் இக்காட்டைத் தம் வேட்டைக்களமாக ஒதுக்கிக்கொண்டனர். யானைகளை வளையமாக நிறுத்திப் புலியை நடுவே அடைத்துச் சுடுவது அவர்தம் முறை. 1911 டிசம்பரில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னருக்காக நிகழ்த்தப்பட்ட வேட்டையில் 39 புலிகளும் 18 காண்டாமிருகங்களும் வீழ்த்தப்பட்டன. இத்தகைய வேட்டைகள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறையே நிகழ்ந்தன; பொதுமக்கள் காண்டாமிருகத்தைக் கொல்லுதல் கடுந்தண்டனைக்குரியதாக இருந்தது. வாழிடமும் அழியாதிருந்தமையால் விலங்கினங்கள் தப்பின.

குடியேற்றமும் வெளியேற்றமும்

1950களில் மலேரியா ஒழிப்பும் அரசின் குடியேற்றத் திட்டமும் மலைநாட்டு மக்களைப் பெருமளவில் இப்பள்ளத்தாக்கிற்குக் கொணர்ந்தன. காடு வயலாயிற்று. 1950 அளவில் ஏறத்தாழ 800ஆக மதிப்பிடப்பட்ட காண்டாமிருகங்கள், 1960களின் இறுதியில் 100 அளவிற்குக் குறைந்தன. இதற்கு மாற்றாக, 1964இல் ஏறத்தாழ 22,000 பேர் அப்பகுதியிலிருந்து வெளியேற்றப்பட்டனர். 1973இல் நேபாளத்தின் முதல் தேசியப் பூங்காவாகச் சித்வான் அறிவிக்கப்பட்டது. 1975 முதல் காவற்பணியில் இராணுவம் அமர்த்தப்பட்டது. 1984இல் உலக மரபுச் சின்னமாகவும் ஏற்கப்பட்டது.

புல்வெளியும் யானையும்

இன்று பயணியர் வியக்கும் நிலக்காட்சியில் இருகூறுகள் சிறப்பாகக் கருதத்தக்கன. முதலாவது, புல்வெளி. ஆற்றுவெள்ளம் உருவாக்கிய இவ்வெளியை, புல்லறுத்தலும் தீயிடுதலும் மேய்ச்சலும் மரக்காடாக மாறாமல் தடுத்து வந்தன. பூங்கா அமைந்தபின் மேய்ச்சல் தடைசெய்யப்பட்டது. கூரை வேய்வதற்கும் சுவர் அமைப்பதற்குமான புல்லை ஆண்டுக்கு ஒருமுறை சில நாள்கள் மட்டும் அறுத்துச் செல்ல ஊராருக்கு இசைவு தரப்பட்டது. முன்பு உரிமையாக இருந்தது சலுகையாகச் சுருங்கியதை இது காட்டுகிறது.

இரண்டாவது, யானை. வேட்டைக்கென யானைகளைப் பேணிய கொட்டில்களும் தாருப் பாகர்களின் தொழிலறிவும் வேட்டை மறைந்தபின் ரோந்துக்கும் சுற்றுலாவுக்கும் பயன்பட்டன. துப்பாக்கி இருந்த இடத்தில் ஒளிப்படக்கருவி வந்தது. யானை முதுகிலிருந்து காட்டை நோக்கும் அமைப்பு மாறவில்லை. பூங்காவிற்குள் இயங்கிய தங்கும் விடுதிகள் 2012இல் மூடப்பட்டபோதும் அப்பார்வை தொடர்ந்தது.

முடிவுரை

2021ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் சித்வானில் 694 காண்டாமிருகங்கள் காணப்பட்டன. இம்மீட்சி மறுக்கவியலாத சாதனை. அதேவேளை, அதன் விலையில் ஒரு பகுதியை நிலத்தையும் மேய்ச்சலையும் இழந்தோரே செலுத்தினர். பூங்கா வருவாயில் 30 முதல் 50 விழுக்காட்டை ஊர்நலனுக்கு ஒதுக்க வழிசெய்த இடைவளைய ஏற்பாடு 1996இல்தான், அதாவது பூங்கா அமைந்து 23 ஆண்டுகளுக்குப் பின்னரே, நடைமுறைக்கு வந்தது. ஆகவே, சித்வானைத் தொல்கானகம் எனல் பொருந்தாது. அரச அதிகாரம், நோய், குடியேற்றம், உழைப்பு ஆகியவற்றால் உருவான நிலம் அது. தாழ்நிலப் பூங்காக்களின் வரலாற்றை எழுதுவோர், எஞ்சிய விலங்குகளின் எண்ணிக்கையோடு வெளியேறிய மக்களின் எண்ணிக்கையையும் ஒருங்கே வைத்து ஆராய்தல் வேண்டும்.