கோபத்துக்கு மருந்து கேட்டவர்கள்

தியானப் பகுதி: ஆதியாகமம் 4:1-8, அப்போஸ்தலர் 18:12-17



திருமறையில் கோபம் முதன்முதலாகப் பேசப்படும் இடத்திலிருந்து இந்த வாரத் தியானத்தைத் தொடங்குவோம். தன் காணிக்கை அங்கீகரிக்கப்படாததைக் கண்ட காயீன் உள்ளம் எரிந்தான், முகம் வாடினான். அந்த வேளையில் தேவன் அவனைச் சபிக்கவில்லை. அவனுடைய கோபத்துக்குக் காரணம் என்னவென்று கேட்கிறார். வாசலருகே பதுங்கியிருக்கும் பாவத்தைக் குறித்து எச்சரிக்கிறார். அதை அவன் அடக்கியாள வேண்டும் என்கிறார். காயீன் அந்தக் கேள்விக்கு மறுமொழி கூறியதாக வேதத்தில் ஒரு சொல்லும் இல்லை. அடுத்த வசனத்தில் அவன் தன் தம்பியோடு வயல்வெளியில் நிற்கிறான்.

கோபப்பட்டவனிடம் தேவன் முதலில் ஒரு கேள்வியைக் கேட்டார் என்பதையும், அவன் வாய் திறவாமல் போனான் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்வந்த நூற்றாண்டுகளில் அக்கேள்விக்குப் பதில் சொல்ல முன்வந்தவர்கள் உண்டு. தங்கள் கோபத்தை இன்னொருவர் முன்பாகத் திறந்து வைத்து, இதற்கு மருந்து என்ன என்று கேட்டவர்கள் அவர்கள். அவர்களுடைய வரலாற்றை இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். நம் வீடுகளில் சிலவற்றுக்கு இது அவசரமாகத் தேவைப்படுகிறது.

கல்லியோனின் அண்ணனோ தம்பியோ அல்ல, அவனே கேட்டான்

அப்போஸ்தலர் நடபடிகள் 18ஆம் அதிகாரத்தில் கல்லியோன் என்னும் ரோம அதிபதியைச் சந்திக்கிறோம். அகாயா நாட்டை அவன் ஆண்ட காலம் ஏறத்தாழ கி.பி. 51-52 என்பதை தெல்பியில் கிடைத்த கல்வெட்டு ஒன்றின் துணையால் அறிஞர் கணித்திருக்கின்றனர். பவுலின் ஊழியக் காலத்தைக் கணக்கிட உதவும் உறுதியான சான்றுகளுள் இதுவும் ஒன்று. நம்மில் பலர் அறியாத செய்தி மற்றொன்று உண்டு. கல்லியோனின் முந்தைய பெயர் நொவாத்துஸ். ரோமாபுரியின் புகழ்பெற்ற தத்துவஞானி செனேக்கா அவனுடைய உடன்பிறந்தவர். கோபத்தைத் தணிக்கும் வழியை எழுதித் தரும்படி நொவாத்துஸ் கேட்டுக்கொண்டதற்கிணங்கவே, செனேக்கா கோபத்தைப் பற்றி மூன்று பகுதிகள் கொண்ட நூலை எழுதினார்.

செனேக்கா கிறிஸ்தவர் அல்லர். ஆயினும் அவர் தந்த ஆலோசனைகள் கூர்ந்து நோக்கத்தக்கவை. கோபத்துக்குத் தாமதமே தலைசிறந்த மருந்து என்றார். கோபமாயிருக்கையில் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்ததால் சிலர் நன்மை பெற்றதை எடுத்துக்காட்டினார். தம்முடைய வழக்கம் ஒன்றையும் மறைக்காமல் எழுதினார்: இரவில் விளக்கு அகற்றப்பட்ட பின், அவருடைய பழக்கத்தை அறிந்த மனைவி அமைதியாகிவிடுவார், அவர் அந்த நாள் முழுவதையும் நினைவில் மீட்டு, எங்கே கடுமையாகப் பேசினோம், எங்கே பொறுத்திருக்கலாம் என்று தம்மைத் தாமே விசாரிப்பார்.

வனாந்தரத்தில் திறக்கப்பட்ட இருதயங்கள்

நான்காம் நூற்றாண்டில் எகிப்தின் வனாந்தரங்களுக்கு ஜெபவாழ்வை நாடிச் சென்ற துறவிகள், கோபமும் தங்களோடு வந்துவிட்டதைக் கண்டார்கள். அவர்களில் கி.பி. 399இல் மறைந்த எவாகிரியுஸ் என்னும் உதவிகுரு, மனிதனை அலைக்கழிக்கும் எட்டுத் தீய எண்ணங்களை வகைப்படுத்தினார். அவற்றுள் கோபமும் ஒன்று. கோபம் மனதுக்குள் எவ்வாறு வேலை செய்கிறது என்பதை அவர் நுணுக்கமாக விவரித்தார். ஜெபிக்க முழங்காற்படியிடும் வேளையில்தான் நம்மைப் புண்படுத்தியவருடைய முகம் கண்முன் வந்து நிற்கும் என்றார். அது நீடித்தால் மனக்கசப்பாக உறைந்து, இரவின் உறக்கத்தையும் கெடுக்கும் என்றார். சங்கீதம் பாடுதல், நீடிய பொறுமை, இரக்கம் ஆகியவை அதைத் தணிக்கும் என்றார். யாக்கோபு தன் அண்ணன் ஏசாவுக்கு முன்னனுப்பிய வெகுமதிகளைச் சுட்டிக்காட்டி, பகைத்தவருக்குக் கொடுக்கும் பரிசு கசப்பை அவிக்கும் என்றும் கற்பித்தார்.

எவாகிரியுஸின் போதனைகளை மேற்கு நாடுகளுக்குக் கொண்டுசென்றவர் யோவான் காசியன். துறவிகளின் வாழ்வொழுங்கு குறித்து அவர் எழுதிய நூலின் எட்டாம் பகுதி முழுவதும் கோபத்தைப் பற்றியது. தனிமைக்குப் போய்விட்டால் கோபம் தீர்ந்துவிடும் என்று எண்ணுவோருக்கு அவர் தம் அனுபவத்தையே பதிலாகத் தந்தார். மனிதர் எவரும் அருகில் இல்லாதபோது, நாணல் எழுதுகோல் தடித்திருந்ததற்காகவும் மெலிந்திருந்ததற்காகவும் கோபம் வந்ததாம். கத்தி மழுங்கியிருந்தால் அதன்மேல் கோபம். சிக்கிமுக்கிக் கல்லில் தீப்பொறி உடனே பறக்காவிட்டால் கல்லின்மேலும் கோபம். ‘என் மனைவி இப்படிப் பேசாதிருந்தால், என் பிள்ளை இப்படிச் செய்யாதிருந்தால் நான் ஏன் கோபப்படப் போகிறேன்?’ என்று சொல்லுகிற நமக்கு அந்த எழுதுகோலும் கல்லும் பதிலளிக்கின்றன. தூண்டுவோர் ஒருவரும் இல்லாத இடத்திலும் கோபம் தனக்கொரு காரணத்தைத் தேடிக்கொள்ளும்.

அந்த வனாந்தரத் துறவிகள் இதற்குக் கண்ட வழி என்ன? ஜெபமும் உபவாசமும் வேதவாசிப்பும் இருந்தன. அவற்றோடு மற்றொன்றும் இருந்தது. இளைய துறவி ‘அப்பா’ என்று அழைக்கப்பட்ட மூத்தவரிடம் சென்று, தன் மனதில் எழும் எண்ணங்களை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். மறைக்கப்பட்ட எண்ணமே வலிமை பெறும் என்பதும், அனுபவமுள்ள ஒருவர் முன் சொல்லப்பட்ட எண்ணம் வலுவிழக்கும் என்பதும் அவர்களுடைய அனுபவப் பாடம். பகலும் இரவும் ஜெபித்த அந்த மனிதர்கள், இன்னொரு மனிதரின் உதவியைத் தங்கள் ஜெபத்துக்கு இழுக்கு என்று கருதவில்லை.

கேட்பதும் கற்க வேண்டிய கலை

ஆனால் கேட்பவர் யார் என்பதும் முக்கியம். ஆறாம் நூற்றாண்டின் இறுதியில் ரோமாபுரியின் ஆயராயிருந்த மகா கிரகோரி, ஆத்துமாக்களைப் பராமரிப்பதைக் கலைகளுக்கெல்லாம் தலையாய கலை என்று கருதினார். மருத்துவம் கல்லாதவன் மருந்து கொடுக்க அஞ்சுகையில், உள்ளத்தின் காயங்களைப் பற்றி அறியாதவன் அவற்றுக்கு வைத்தியனாகத் துணிவது எப்படி என்று வினவினார். பொறுமையற்றவருக்கும் பொறுமையுள்ளவருக்கும் ஒரே அறிவுரை பொருந்தாது என்று தனித்தனியே எழுதினார்.

இக்கருத்து இருபதாம் நூற்றாண்டில் புதிய வடிவம் பெற்றது. அமெரிக்கப் போதகர் அன்டன் பாய்சன் 1920இல் தாமே மனநோய்க்காக மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர். நலம்பெற்ற பின் 1924இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் வூஸ்டர் மனநல மருத்துவமனையில் சிற்றாலயக் குருவானார். அடுத்த ஆண்டில் இறையியல் மாணவர்களை அங்கே வரவழைத்து, நூல்களைப் படிப்பதுபோலவே துன்புறும் மனிதரையும் கவனமாகப் படிக்கப் பழக்கினார். போதகர்களுக்கான மருத்துவமனைப் பயிற்சி இவ்வாறு வேர்விட்டது. நம் தமிழகத்திலும் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி 1957இல் பாகாயத்தில் மனநல மையத்தைத் தொடங்கியது. நோயாளியோடு குடும்பத்தாரும் உடன் தங்கிச் சிகிச்சையில் பங்குகொள்ளும் முறை அங்கே நிலைபெற்றது. மனநல உதவி விசுவாசத்துக்கு அந்நியமானது என்போர் இதையும் நினைவிற்கொள்ள வேண்டும்.

ஆலோசனை அறையில் நடப்பது

உளவியலாளர் ரேமண்ட் நோவாகோ 1975இல் கோபக் கட்டுப்பாடு குறித்த தம் நூலை வெளியிட்டார். இன்று பல ஆலோசகர்கள் கையாளும் முறைகளுக்கு அவருடைய பணி ஓர் அடித்தளம். அது மூன்று படிகளைக் கொண்டது. முதற்படி, தன் கோபத்தை அறிதல். எது தூண்டியது, அந்தக் கணத்தில் மனதில் ஓடிய எண்ணம் என்ன, உடலில் என்ன நேர்ந்தது, பின்பு என்ன செய்தேன் என்று குறிப்பேட்டில் எழுதிவருமாறு ஆலோசகர் சொல்லுவார். இரண்டாம் படி, பயிற்சி. மூச்சைச் சீராக்குதல், இறுகிய தசைகளைத் தளர்த்துதல், ‘என்னை அவமதிக்கவே இப்படிச் செய்தான்’ என்ற எண்ணத்தைச் சோதித்துப் பார்த்தல், உரத்த குரலின்றித் தன் தேவையைச் சொல்லக் கற்றல் ஆகியவை இதில் அடங்கும். மூன்றாம் படியில், சிறிய எரிச்சலில் தொடங்கிப் பெரியவை வரை ஒவ்வொரு சூழ்நிலையையும் ஆலோசகரின் முன்னிலையில் மனக்கண்ணில் கண்டும் நடித்தும் பழகுகிறார்கள்.

செனேக்காவின் இரவு விசாரணையும் எவாகிரியுஸின் கூர்நோக்கும் இங்கே உங்களுக்கு நினைவு வரக்கூடும். 1960களில் அறிவாற்றல் சிகிச்சையை உருவாக்கிய ஆரோன் பெக், அதன் தத்துவ வேர்கள் செனேக்காவின் ஸ்தோயிக்கர் மரபில் இருப்பதாகவே எழுதினார்.

கோபத்தைக் கொட்டித் தீர்த்தால் மனம் இலகுவாகும் என்ற நம்பிக்கை நம்மிடையே வலுவாக உள்ளது. பிராட் புஷ்மன் என்னும் உளவியலாளர் 2002இல் வெளியிட்ட ஆய்வு இதைச் சோதித்தது. கோபமூட்டப்பட்ட மாணவர்களில் ஒரு பிரிவினர், தங்களைச் சீண்டியவரை நினைத்துக்கொண்டே குத்துச்சண்டைப் பையைக் குத்தினார்கள். மற்றொரு பிரிவினர் ஒன்றும் செய்யாமல் அமைதியாக உட்கார்ந்திருந்தார்கள். குத்தியவர்களிடமே கோபம் அதிகமாயிருந்தது. பகைத்தவரின் முகத்தைக் கண்முன் நிறுத்தி வைப்பதே கோபத்துக்கு இரை என்று வனாந்தரத்தில் கண்டறிந்ததை இந்த ஆய்வும் காட்டுகிறது.

நமக்குச் சொல்லப்படுவது என்ன?

பிரியமானவர்களே, ‘நான் ஜெபிக்கிறேன், கர்த்தர் என்னை மாற்றுவார், மனிதரிடம் ஏன் போக வேண்டும்?’ என்று கேட்கிறீர்களா? ஜெபத்தை விட்டுவிடும்படி ஒருவரும் உங்களிடம் சொல்லவில்லை. கர்த்தரோடு முகமுகமாய்ப் பேசிய மோசே, யாத்திராகமம் 18இல் தன் மாமனாகிய எத்திரோவின் ஆலோசனையைக் கேட்டு அப்படியே செய்தான். எத்திரோ மீதியானின் ஆசாரியன். தேவனோடு நெருங்கி வாழ்ந்தவனுக்கு இன்னொரு மனிதனின் தெளிந்த பார்வை தேவைப்பட்டது என்றால், நமக்குத் தேவைப்படாதா? இச்சையடக்கம் ஆவியின் கனி. கனி தருகிற கர்த்தர், களையெடுக்கும் கரங்களையும் தருகிறார்.

‘வெளியில் தெரிந்தால் குடும்ப மானம் போய்விடுமே’ என்று தயங்குகிறீர்களா? ஆலோசகர் நீங்கள் சொல்வதை இரகசியமாய்க் காக்கக் கடமைப்பட்டவர். ஒருவர் உயிருக்கு ஆபத்து என்பது போன்ற சில சூழ்நிலைகளில் அதற்கு விலக்கு உண்டு. உங்கள் கோபத்தைப் பற்றி ஏற்கெனவே நன்றாகத் தெரிந்தவர்கள் உங்கள் வீட்டில் இருக்கிறார்கள். வாசலில் உங்கள் வாகனத்தின் சத்தம் கேட்டதும் பிள்ளைகளின் சிரிப்பு நின்றுபோகிறதா என்று கவனியுங்கள். அந்த அமைதியை மரியாதை என்று எண்ணிவிடாதீர்கள். கோபத்தின் பின்னே மதுப்பழக்கமோ மனச்சோர்வோ பழைய காயமோ இருக்கலாம். அவற்றைப் பிரித்தறியப் பயிற்சி பெற்றவர் வேண்டும். போதகர் உங்களோடு ஜெபிப்பார், உடன் நடப்பார். ஆனால் அந்தப் பயிற்சி பெற்றவரின் இடத்தை அவர் நிரப்ப முடியாது.

இறுதியாக மீண்டும் கொரிந்துவுக்கு வாருங்கள். கல்லியோனின் நியாயாசனத்துக்கு முன்பாகவே கூட்டத்தார் சொஸ்தேனே என்பவனைப் பிடித்து அடித்தார்கள். கல்லியோன் அதைப் பொருட்படுத்தவில்லை. தன் கோபத்துக்கு மருந்து கேட்ட அதே மனிதன், பிறருடைய கோபத்தில் ஒருவன் அடிபடுவதைக் கண்டும் சும்மா இருந்தான். அமைதியாயிருந்தான்; ஆனால் அந்த அமைதியால் சொஸ்தேனேக்கு என்ன பயன்? சபையாகிய நமக்கு இது எச்சரிக்கை. அடிபடுகிற சகோதரியிடம் ‘பொறுத்துக்கொள்ளம்மா, ஜெபி’ என்று மட்டும் சொல்லி அனுப்புவோமானால், நாமும் கல்லியோனின் ஆசனத்தில்தான் அமர்ந்திருக்கிறோம். அவளும் பிள்ளைகளும் பாதுகாப்பாயிருப்பதே முதற்காரியம். கணவர் ஆலோசனைக்குச் செல்லத் தொடங்கிவிட்டார் என்பது அவள் ஆபத்தில் தங்கியிருக்க வேண்டிய காரணமாகாது. பெண்களுக்கான உதவி எண் 181. மனநல உதவிக்கு அரசின் டெலி-மானஸ் சேவை எண் 14416. இரவும் பகலும், கட்டணமின்றி, தமிழிலும் பேசலாம்.

இந்த வாரம் தனித்திருந்து சிந்திக்க:

1. நான் கடைசியாகக் கோபப்பட்டபோது அதன் விலையைக் கொடுத்தவர் யார்?
2. என் கோபத்தைக் குறித்து நான் உண்மையைச் சொல்லியிருக்கும் மனிதர் ஒருவராவது உண்டா?
3. என் வீட்டாரிடம் ‘என்னைக் கண்டு பயப்படுகிறீர்களா?’ என்று கேட்டு, பதிலை மறுத்துப் பேசாமல் கேட்க என்னால் முடியுமா?

ஜெபம்: இரக்கமுள்ள பிதாவே, காயீனிடம் கேட்ட கேள்வியை இன்று எங்களிடமும் கேட்கிறீர். மறுமொழி சொல்லாமல் வயல்வெளிக்குப் போகாதபடி எங்கள் கால்களைத் தடுத்தருளும். வெட்கத்தைத் தாண்டி உதவி கேட்கும் தாழ்மையை எங்களுக்குத் தாரும். எங்கள் கோபத்தால் காயப்பட்டவர்களை ஆற்றித் தேற்றும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் வேண்டுகிறோம், ஆமென்.