பேராசிரியர் அரசரத்தினமும் நம் பாட்டன்மாரும்

யாழ்ப்பாணத்தில் 1930-ஆம் ஆண்டு பிறந்த சின்னப்பா அரசரத்தினம் முதலில் ஆராய்ந்தது இலங்கையில் ஒல்லாந்தர் ஆதிக்கத்தையே. அந்நூல் 1958-இல் வெளிவந்தது. பின்னர் மலாயாப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியப் பணி ஏற்றார். 1970-இல் மலேசிய, சிங்கப்பூர் இந்தியரைப் பற்றி அவர் ஆங்கிலத்தில் எழுதிய நூல், கங்காணி அழைத்து வந்தோரையும் தோட்டத்து லயங்களில் உழன்றோரையும் வரலாற்றுக்கு உரியவராக்கியது. பயிற்சிக் கல்லூரியில் யாம் கற்ற வரலாற்றிலோ மன்னர் பெயர்களே மிகுதி. பால்மரம் சீவிய பாட்டனுக்கு அதில் இடமில்லை.

1973-இல் ஆஸ்திரேலியாவின் நியூ இங்கிலாந்துப் பல்கலைக்கழகத்திற்குச் சென்ற அவர், சோழமண்டலக் கரை வணிகரை ஆராய்ந்து 1986-இல் மற்றொரு நூல் தந்தார், 1998-இல் மறைந்தார். எனினும் என் மனம் 1970-ஆம் ஆண்டு நூலையே நாடும். அதன் செய்திகளை ஆறாம் ஆண்டு மாணவர்க்குத் தமிழில் எடுத்துரைப்பேன். ஒருமுறை, மறுநாளே மாணவி ஒருத்தி தன் பூட்டனாரின் சிவப்பு அடையாள அட்டையைக் கொணர்ந்து என் மேசைமீது வைத்தாள்.