வீட்டை அடமானம் வைத்த டைரக்டர்

மூணு வாரமா எங்க வீட்டில் ஒரு பஞ்சாயத்து ஓடிக்கிட்டு இருக்கு. பையன் எஞ்சினியரிங் மூணாவது வருஷம். போன மாசம் ராத்திரி சாப்பிடும்போது, "அப்பா, நான் பிளேஸ்மென்ட்ல உட்காரப் போறதில்லை. டிகிரி முடிச்சுட்டு எஃப்.டி.ஐ.ஐ. என்ட்ரன்ஸ் எழுதப் போறேன். டைரக்‌ஷன்" என்றான். கையில் எடுத்த சப்பாத்தி கையிலேயே நின்றது.

நாங்க புனேக்கு வந்து இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு. லா காலேஜ் ரோட்டில் பழைய பிரபாத் ஸ்டூடியோ இருந்த இடத்தில்தான் அந்த இன்ஸ்டிட்யூட். அந்த கேட்டை எத்தனையோ தடவை வண்டியில் தாண்டிப் போயிருக்கிறேன். அது ஒரு நாள் நம்ம சாப்பாட்டு மேசைக்கே வரும் என்று நினைக்கவில்லை.

எல்லா அப்பாக்களும் சொல்வதைத்தான் நானும் சொன்னேன். "முதல்ல ஒரு வேலையில் சேரு, அப்புறம் பார்க்கலாம்." அதற்குப் பையன், "மனோஜ் ஷியாமளனோட அப்பாவும் அவரை டாக்டராகத்தான் சொன்னாராம்" என்றான். தங்கமணி சிரித்துவிட்டாள். ஆக, கட்சி பிரிந்தாச்சு, ரெண்டுக்கு ஒண்ணு. சரி, யார் இந்த ஷியாமளன், ஒழுங்காகப் படிச்சுட்டு வந்து வாதாடுவோம் என்று உட்கார்ந்தேன். படித்ததில் கொஞ்சம் என் பக்கம் இருந்தது, நிறைய அவன் பக்கம் இருந்தது. இரண்டையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் கொஞ்சம் கொசுவத்தி. நான் சென்னையில் பேச்சுலராக இருந்தபோது 'தி சிக்ஸ்த் சென்ஸ்' படத்தை ரூமில் வி.சி.டி. போட்டுப் பார்த்தோம். படம் ஆரம்பித்த பத்தாவது நிமிஷம் ரூம்மேட் ஒருத்தன் முடிவைச் சொல்லித் தொலைத்தான். அந்தப் படத்துக்கு முடிவைச் சொல்வது என்றால் என்னவென்று பார்த்தவர்களுக்குத் தெரியும். அவனை இன்னும் மன்னிக்கவில்லை :-)

அந்தப் படத்தை எடுத்தவர் 1970 ஆகஸ்ட் 6-ஆம் தேதி மாஹேயில் பிறந்தவர். கேரளாவுக்கு நடுவில் இருந்தாலும் மாஹே புதுச்சேரியைச் சேர்ந்தது. அப்பா மலையாளி, நரம்பியல் டாக்டர். அம்மா ஜெயலட்சுமி தமிழர், மகப்பேறு டாக்டர். குழந்தைக்கு ஆறு வாரம் ஆனபோதே குடும்பம் அமெரிக்காவில். பென்சில்வேனியாவில் பிலடெல்பியாவை ஒட்டிய பென் வேலியில் வளர்ந்தார். இந்துக் குடும்பம்தான், ஆனால் ஒழுக்கமாக வளரட்டும் என்று கத்தோலிக்கப் பள்ளியில் போட்டார்கள். (நம்ம ஆட்கள் எங்கே போனாலும் மாற மாட்டார்கள்!) எட்டு வயதில் கையில் சூப்பர்-8 கேமரா. சொந்தக்காரர்களில் நிறைய பேர் டாக்டர்கள், அப்பாவுக்கும் பையன் அந்த வழியில் வர வேண்டும் என்றுதான் ஆசை. சினிமா பக்கம் போகத் தைரியம் கொடுத்தது அம்மா. இந்த வரியைத் தங்கமணி இரண்டு தடவை சத்தமாகப் படித்தாள்.

நியூயார்க் பல்கலைக்கழகத்தில் சினிமா படிக்கும்போதுதான் மனோஜ் 'நைட்' என்று பெயர் சேர்த்துக்கொண்டார். முதல் படம் 1992-இல் வந்த 'பிரேயிங் வித் ஆங்கர்'. குடும்பத்திடமும் நண்பர்களிடமும் கடன் வாங்கி, அவரே எழுதி இயக்கி நடித்தது. எடுத்த இடம் எது தெரியுமா? நம்ம சென்னை. அமெரிக்காவில் வளர்ந்த ஒரு இந்தியப் பையன் படிக்க இங்கே வந்து, சொந்த மண்ணிலேயே அந்நியனாக முழிக்கிற கதை. என் பையனுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. லீவுக்குக் கும்பகோணம் போனால் சித்தப்பா பிள்ளைகளோடு பாதி இந்தியில் பேசிவிட்டு அசடு வழிவான். இந்தக் கதை அவனுக்கு ஏன் பிடித்தது என்று எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

இரண்டாவது படம் 'வைட் அவேக்', 1998. தான் படித்த பள்ளியிலேயே எடுத்தார். சுமார் 60 லட்சம் டாலர் செலவு, வசூல் 5 லட்சத்தைக்கூடத் தொடவில்லை. ஆக, 28 வயதில் இரண்டு படம், இரண்டும் ஓடவில்லை. அந்த நேரத்தில் நான் அவருடைய அப்பாவாக இருந்திருந்தால் மெடிக்கல் காலேஜ் அப்ளிகேஷன் வாங்கி நீட்டியிருப்பேன்.

அடுத்த வருஷம், 1999 ஆகஸ்ட் 6, அவருடைய 29-ஆவது பிறந்த நாளில் 'தி சிக்ஸ்த் சென்ஸ்' வெளியானது. செலவு சுமார் 4 கோடி டாலர், உலக வசூல் 67 கோடி டாலர். அந்த வருஷம் அதைவிட அதிகம் வசூலித்த ஒரே படம் புது 'ஸ்டார் வார்ஸ்'. ஆறு ஆஸ்கர் பரிந்துரைகள், அதில் சிறந்த இயக்குநரும் உண்டு. கிடைத்தது ஒன்றுமில்லை என்பது வேறு கதை. இதில் ஒரு வேடிக்கை: கதையை வாங்கிய டிஸ்னி, படத்தின் மீது நம்பிக்கை இல்லாமல் தயாரிப்பை ஸ்பைகிளாஸ் நிறுவனத்துக்கு விட்டுக்கொடுத்து, விநியோகக் கமிஷன் மட்டும் போதும் என்று ஒதுங்கிக்கொண்டது.

பிறகு 2000-இல் 'அன்பிரேக்கபிள்', 2002-இல் 'சைன்ஸ்' (40 கோடி டாலர்). அந்த வருஷம் 'நியூஸ்வீக்' அட்டையில் படம் போட்டு அடுத்த ஸ்பீல்பெர்க் இவர்தான் என்றது. சின்ன வயதில் ஸ்பீல்பெர்க் பைத்தியமாக இருந்தவருக்கு இதைவிட என்ன வேண்டும்?

சறுக்கல் அங்கிருந்துதான் வந்தது. 2006-இல் 'லேடி இன் தி வாட்டர்'. கதை புரியவில்லை என்று டிஸ்னி அதிகாரிகள் சொல்ல, கோபித்துக்கொண்டு வார்னர் பிரதர்ஸுக்குப் போனார். அந்தப் படத்தில் உலகத்தையே மாற்றப்போகிற எழுத்தாளனாக அவரே நடித்தார். சினிமா விமர்சகர் பாத்திரத்தை ஒரு பூதமிருகம் கொன்றுபோடுகிறது! நிஜ விமர்சகர்கள் சும்மா விடுவார்களா? செலவு 7 கோடி டாலர், வசூலும் கிட்டத்தட்ட அதேதான். வசூலில் பெரும் பங்கு தியேட்டருக்குப் போய்விடும், விளம்பரச் செலவு வேறு, ஆக அது நஷ்டக் கணக்கு. 2008-இல் இந்திய அரசு பத்மஸ்ரீ கொடுத்தது. அதே வருஷம் வந்த 'தி ஹாப்பனிங்' படத்துக்கு ஜனங்கள் பயப்பட வேண்டிய இடத்தில் சிரித்தார்கள்.

அடுத்து 2010-இல் 15 கோடி டாலர் செலவில் 'தி லாஸ்ட் ஏர்பெண்டர்'. வேறொருவர் படைத்த கார்ட்டூன் தொடர். ஆசிய முகங்கள் இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளைக்கார நடிகர்கள் என்று சர்ச்சை. மோசமான படங்களுக்குக் கொடுக்கிற ராஸி விருது ஐந்தை அள்ளியது. 2013-இல் வில் ஸ்மித் தன் மகனோடு நடித்த 'ஆஃப்டர் எர்த்'. அதன் விளம்பரங்களில் டைரக்டர் பெயரைத் தேடித்தான் பார்க்க வேண்டியிருந்தது. ஒரு காலத்தில் அவர் பெயரைப் போட்டாலே டிக்கெட் விற்றது, இப்போது அதை மறைத்தால்தான் விற்கும் என்று ஆகிவிட்டது.

அதற்கப்புறம் அவர் செய்ததுதான் என்னை யோசிக்க வைத்தது. இன்னொரு பெரிய பட்ஜெட்டைத் தேடிப் போகவில்லை. வீட்டின் மேல் 50 லட்சம் டாலர் கடன் வாங்கி, பெரிய நட்சத்திரம் யாரும் இல்லாமல், தாத்தா பாட்டி வீட்டுக்குப் போகும் இரண்டு குழந்தைகளின் கதையை 'தி விசிட்' என்று எடுத்தார். முதலில் போட்டுக் காட்டியபோது ஸ்டூடியோக்கள் வேண்டாம் என்றன. கடைசியில் யுனிவர்சல் வெளியிட, 2015-இல் 9.8 கோடி டாலர் வசூல். அடுத்த 'ஸ்ப்ளிட்', 90 லட்சம் டாலர் செலவு, 27 கோடிக்கு மேல் வசூல்.

இதன் சூட்சுமம் நமக்கெல்லாம் புரியக்கூடியதுதான். 13 கோடி அடுத்தவன் பணம் என்றால், ஒவ்வொரு காட்சிக்கும் நாலு பேர் கருத்துச் சொல்வார்கள், சொல்லும் உரிமையும் அவர்களுக்கு உண்டு. 50 லட்சம் சொந்தக் கடன் என்றால் கேள்வி கேட்க ஆள் இல்லை, ஆனால் ராத்திரி தூக்கமும் இல்லை. அவர் அந்தத் தூக்கமின்மையைத் தேர்ந்தெடுத்தார். 'கிளாஸ்' (2019), 'ஓல்ட்' (2021), 'டிராப்' (2024) என்று அதே வழியில்தான் இன்றும். எல்லாம் நல்ல படம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் எல்லாம் அவர் படம். இன்னொன்று, லாஸ் ஏஞ்சலஸுக்குக் குடிபோகவே இல்லை. பெரும்பாலும் பிலடெல்பியா பக்கத்திலேயே எடுத்தார்.

இப்போது என் பக்க வாதம். அவருக்கு அடமானம் வைக்க ஒரு பெரிய வீடு இருந்தது, அதைச் 'சிக்ஸ்த் சென்ஸ்' வாங்கிக் கொடுத்தது. அதற்கு முன்னால் இரண்டு படம் ஓடாதபோது தாங்கிக்கொள்ள இரண்டு டாக்டர்கள் இருந்தார்கள். எங்களிடம் இருப்பது இன்னும் ஏழு வருஷம் இ.எம்.ஐ. பாக்கியிருக்கிற டூ பெட்ரூம் ஃபிளாட். ஓடாத படத்தின் டைரக்டர்களைப் பற்றி யாரும் எழுதுவதில்லை, அதனால் அவர்களை எண்ணிப் பார்க்கவும் வழியில்லை.

இதைப் பையனிடம் சொன்னேன். அவன் கோபப்படவில்லை. "வீட்டை வைக்கச் சொல்லலைப்பா. ரெண்டு தடவை தோத்தாலும் வீட்டுக்குள்ள விடுவீங்களான்னுதான் கேக்கறேன்" என்றான்.

எனக்குப் பதில் வரவில்லை. நான் ஊரைவிட்டுக் கிளம்பியபோது என் அப்பாவிடம் இப்படிக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று நாலு நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். கேட்கிற தைரியம் எனக்கு இல்லை, அவ்வளவுதான். கேட்காமலேயே, ரயில் ஏற்றிவிடும்போது, சரிப்படலைன்னா வந்துடுடா என்று அவர் சொன்னது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

இந்த ஞாயித்துக்கிழமை அப்பாவும் பிள்ளையும் சேர்ந்து 'தி விசிட்' பார்ப்பதாகத் திட்டம். அவன் ஏற்கெனவே பார்த்தாச்சு, நான் இல்லை. பத்தாவது நிமிஷத்தில் வாயைத் திறக்கக் கூடாது என்று இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன். படம் முடிந்ததும் அவனுக்கு ஒரு பதில் சொல்லியாக வேண்டும். சொல்லிவிடுவேன் என்றுதான் நினைக்கிறேன்.